ஒரே வரி, நாற்பத்து மூன்று பேர்

"காப்பியடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? நாற்பத்து மூணு பேரும் ஒரே தப்பைப் பண்ணியிருக்கீங்க."

பேராசிரியர் விடைத்தாள் கட்டை மேஜைமேல் பொத்தென்று போட்டார். இருபது வருடமாக நுரைகளையே ஆராய்ந்துகொண்டிருப்பவர் என்பதால் கல்லூரியில் அவருக்கு 'நுரை சார்' என்று பெயர். இயற்பியலைப் புரியவைப்பது எப்படி என்று மற்ற வாத்தியார்களுக்கே வகுப்பெடுப்பவர். இன்று திருத்தித் திருத்தி அவருக்கே நுரை தள்ளிவிட்டது.

எதிரே வகுப்புத் தலைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கேள்வி என்னவோ சுலபமானதுதான். ஷேவிங் கிரீம் கன்னத்தில் வழியாமல் நிற்பது ஏன்? உள்ளே இருக்கும் குமிழிகள் நெரிசல் நேரத்துப் பஸ் பயணிகள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு, நகர இடமில்லாமல் நிற்கின்றன. அவ்வளவுதான் பதில். ஒரு பிள்ளைகூட அதை எழுதவில்லை. 'சுவரில் ஒட்டிய போஸ்டர் போல, பசையால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது' என்று எல்லோரும் அச்சுப் பிசகாமல் எழுதியிருந்தார்கள்.

"தப்பா எழுதினாலும் ஆளுக்கொரு தப்பா எழுதக் கூடாதா? அந்த போஸ்டர் எப்படிம்மா எல்லார் மண்டையிலயும் ஒட்டுச்சு?"

யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை என்று அவள் சாதித்தாள். அவர் நம்புவதாக இல்லை. இந்த வகுப்பின் தேர்வையே ரத்து செய்யச் சொல்லி முதல்வருக்குக் கடிதம் தயார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது போனால் எல்லோருக்கும் ஒரு வருடம் வீண். அவளுக்கு மேற்படிப்புக்குக் கிடைத்திருந்த இடமும் கையை விட்டுப் போய்விடும்.

ஜெராக்ஸ் கடையில் விற்கிற நோட்ஸா, ட்யூஷனா என்று குடைந்து குடைந்து கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையாட்டினாள். கடைசியில், எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொன்னால் கடிதத்தைக் கிழித்துவிடுவதாக இறங்கி வந்தார்.

"சொன்னா கோபப்படுவீங்க சார்."

"இதுக்கு மேல கோபப்பட என்கிட்ட என்ன மிச்சம் இருக்கு? சொல்லு. இந்த அபத்தத்தைப் பிள்ளைங்க தலையில ஏத்தினவனை இனிமே கிளாஸ் ரூம் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க விடமாட்டேன்."

பேனாவின் மூடியைத் திறந்தார். அவள் வேறு வழியில்லாமல் தன் நோட்டைப் பிரித்து, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். போஸ்டர் வரி தேதியோடு அப்படியே இருந்தது.

"உங்க கிளாஸ்ல எழுதினது சார். முதல்ல தப்பான பதிலை நல்லா மனசுல பதியற மாதிரி சொல்லிட்டு, அப்புறம் அது ஏன் தப்புன்னு விளக்குறதுதானே உங்க முறை? நீங்க விளக்குறதுக்குள்ள பெல் அடிச்சுடுச்சு. மறுநாள் வந்து அடுத்த தப்பை ஆரம்பிச்சுட்டீங்க."