வெள்ளி மெடல்

"கண்ணு இன்னா இப்டி வீங்கிக் கீது?"

வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துக் கேட்டார் சவரிநாதன். ஜெரினாவின் இடது கண் பாதி மூடியிருந்தது. உதட்டோரம் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"தோத்துட்டேன் நைனா," என்றாள் அவள். கழுத்தில் வெள்ளி மெடல் தொங்கியது.

சவரிநாதன் ஓடி வந்து அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற மனுஷன். எவ்வளவு உயரமும் அவருக்குப் பயமில்லை. மகள் உடம்பில் ரத்தம் பார்த்தால் மட்டும் தாங்காது.

ராயபுரம் பக்கத்தில் முதன்முதலாகக் குத்துச்சண்டைக்கு கிளவுஸ் மாட்டிய பெண் ஜெரினாதான். ஆண்கள் மட்டுமே பழகிக்கொண்டிருந்த கூடத்தில் அவள் போய் நின்றபோது தெருவே சிரித்தது. பாரியான உடம்பு வேறு. பள்ளிக்கூடத்திலிருந்தே கேலி கேட்டுப் பழகியவள் அவள். வேதமாணிக்கம் மாஸ்டர்தான், இந்த உடம்பு சும்மா வந்ததில்லை என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்கே சவரிநாதன் ஒரு கண்டிஷன் போட்டார். போட்டியில் என்றைக்கு அடிபட்டு வருகிறாளோ, அன்றோடு விட்டுவிட வேண்டும். ஜெரினாவும் சரி என்றாள்.

அதன் பிறகு வருஷா வருஷம் சென்னை மாவட்டப் போட்டியில் தங்கம்தான். உடம்பில் ஒரு கீறல் இருக்காது. அவர்கள் குடியிருக்கும் பனைமரத்தொட்டியில் அவளுக்கு பேனர் வைத்தார்கள். எம்பொண்ணத் தொடறதுக்கு ஒருத்தி இனிமேதான் பொறக்கணும் என்று ஹார்பர் முழுக்கச் சொல்லித் திரிந்தார் சவரிநாதன். நேரில் போய்ப் பார்க்க மட்டும் அவருக்குத் தைரியம் வந்ததில்லை. சண்டை எப்படி இருந்தது என்று கேட்டால், ஜெயிச்சாச்சு நைனா என்பாள் ஜெரினா. மெடலை டிவி மேல் போட்டுவிட்டுப் படுத்துவிடுவாள்.

இன்றைக்கு எல்லாம் தலைகீழாக இருந்தது.

அம்மா சிலுவையம்மாள் அழுதுகொண்டே துணியில் ஐஸ் கட்டிக் கொடுத்தாள். ஜெரினா அதை ஒரு கையால் கண்ணில் அழுத்திக்கொண்டு, மறு கையால் சோறு சாப்பிட்டாள். உதட்டில் காரம் பட்டு எரிந்தது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. முதல் ரவுண்டில் தான் எப்படி விரட்டினாள், அடுத்த ரவுண்டில் எங்கே ஏமாந்தாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஜெயித்தவள் பேர் செங்கொடி, கொடுங்கையூர்ப் பெண். அவளை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பதாகவும் சொன்னாள்.

அடித்தவளுக்கு விருந்தா என்று கேட்டாள் சிலுவையம்மாள்.

தலையில் பலமாக அடிபட்டுவிட்டதோ என்று சவரிநாதன் நிஜமாகவே பயந்தார். மகள் சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுத்திருந்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"போதும்மா. பேசினபடி வுட்டுடு. நாளிக்கு மாஸ்டராண்ட நானே சொல்லிக்கிறேன்."

ஜெரினா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கை கழுவிவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இப்போதுதான் தனக்கு இந்த விளையாட்டு தேவைப்படுகிறது, இப்போது நிறுத்தச் சொல்லாதே என்று நிதானமாகக் கேட்டாள்.

சவரிநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அத்தினி தங்கம் ஜெயிச்சப்போ ஒரு நாள் இப்டி சிரிச்சதில்ல நீ. அடி வாங்கினு ஒரு வெள்ளியோட வந்து இன்னாம்மா இவ்ளோ சந்தோஷம்?"

ஜெரினா கண்ணிலிருந்து ஐஸை எடுத்தாள்.

"அதெல்லாம் சண்ட போட்டு ஜெயிச்சதில்ல நைனா. என் எடைக்கு மெட்ராஸ்ல வேற பொண்ணே இல்ல. நான் மட்டும் தனியா ரிங்ல ஏறி நிப்பேன், ரெஃபரி கையத் தூக்கிக் காட்டி அனுப்பிடுவாரு. இன்னிக்குதான் மொத மொதல்ல எனக்கு எதிர்ல ஒருத்தி வந்து நின்னா."