மாத ஊசி

படலையைத் தாண்டி ஒழுங்கையில் கால் வைத்த நேரம் பார்த்து அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அனோஜன்!"

சின்னண்ணா நின்றுவிட்டான். எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

வெளிக்கிட்டவர்களைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததே அம்மாதான். கூப்பிட்டுவிட்டால் திரும்பி வந்து, இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் போகிற காரியம் சரிவராது.

படிப்பது தேவாரம், இடிப்பது சிவன்கோயில்.

என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லையாம், வாயில் வந்துவிட்டதாம்.

சின்னண்ணா சொல்லுக் கேட்கிற பிள்ளை. திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தான். அம்மா ஆடி அசைந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் குடித்து முடிக்கவும் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு சந்தியைக் கடக்கவும் சரியாக இருந்தது. பூநகரியிலிருந்து அடுத்த பஸ் பிடித்துக் கிளிநொச்சிக்குப் போனால் கிளினிக் முடிந்திருக்கும்.

இதற்காகத்தான் நான் வேலைக்கு லீவு போட்டிருந்தேன்.

கிளினிக்கில் அவனுக்குப் போடுகிற மருந்தின் பெயர் ஃபுளுபெனசின். எங்கள் வீட்டில் அது மாத ஊசி. பழைய மருந்துதான். போட்டால் சின்னண்ணாவின் கைகள் விறைத்துப் போகும், வாயால் வீணீர் வடியும். ஆனால் நேரத்துக்குச் சாப்பிடுவான், நித்திரை கொள்வான். அவன் தலைக்குள் கதைக்கிற குரல் வாயை மூடிக்கொள்ளும். எனக்கு அது போதும்.

போடாவிட்டால் என்ன ஆகும் என்று கண்ணால் கண்டவர்கள் நாங்கள். போன மாரியில், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிக் களப்புக்குள் இறங்கி நடந்தான். தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகும் நடந்தான். இறால் பிடிக்க வந்தவர்கள்தான் தலைமயிரில் பிடித்து இழுத்துவந்து கரையில் போட்டார்கள்.

போன மாதமும் ஊசி தவறிவிட்டது. அவனுடைய ஒரே நல்ல சேர்ட்டை அம்மா அன்று விடியத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தாள். இப்போது அவன் மறுபடியும் தனியே சிரிக்கிறான், தலையாட்டுகிறான்.

அம்மாவுக்கு மறதி என்றும் சொல்ல முடியாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் கூடுகிற நாட்களில், பெரியண்ணாவின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி இதே பஸ்ஸுக்கு முதல் ஆளாக நிற்பவள் அவள்.

யுத்தம் முடிந்த வருடம் போன பிள்ளைக்கு முதல் ஆள். கண்முன்னால் இருக்கிற பிள்ளைக்குச் செம்பும் தண்ணீரும்.

இன்றைக்கு இதை முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். கிணற்றடியில் முகம் கழுவினேன். கோபம் கழுவுப்படவில்லை. அப்படியே குசினி வாசலுக்கு வந்தேன்.

அம்மா சின்னண்ணாவின் கோப்பையில் புட்டு வைத்து, மீன் சட்டிக்குள் துழாவி நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டாள். பிறகு அவன் பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, உன்ர பெரியண்ணா இண்டைக்கு ஏதும் சொன்னவனோ?"



ஊசி போட்டால் வாயை மூடிக்கொள்கிற அந்தக் குரல் யாருடையது என்று நான் ஒருநாளும் சின்னண்ணாவிடம் கேட்டதில்லை. அம்மா கேட்டிருக்கிறாள்.

சின்னண்ணா வாயிலிருந்த புட்டை ஆற அமர விழுங்கினான்.

"பசிக்குதாம்."

அம்மாவின் அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றது.

நான் கத்தத்தான் வந்தேன். அதற்காகத்தான் வாயைத் திறந்தேன்.

"எங்கயாம் நிக்கிறான்?" என்று கேட்டேன்.

சின்னண்ணா விறைப்பே இல்லாத கையை நீட்டி, களப்புப் பக்கம் காட்டினான்.