வாலை அறுத்தது யார்?

“டீச்சர், இதுக்கும் வாலைக் காணோம்!”

வீட்டு வேலை பார்க்கும் வள்ளித்தாய் கத்திய கத்தலில், ரெபேக்காள் டீச்சர் பாதி குடித்த காப்பியை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள். கேட்டில் ஒரு செவலை நாய் கட்டிக் கிடந்தது. வால் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பூசிய ஒரு மொட்டை. புண் நன்றாக ஆறியிருந்தது. டீச்சரைப் பார்த்ததும் ஆட்டுவதற்கு வாலைத் தேடி, அது கிடைக்காமல், இடுப்பையே ஆட்டியது பாவம்.

“இதோட பதினொண்ணு. ஆண்டவரே, எந்தப் பாவி இப்படிச் செய்யுதான்?”

மேலகரத்தில் டீச்சர் வீட்டுக் கொல்லையில் இருந்த ஓலைக் கொட்டகைதான் நாய்ச் சங்கம். மெம்பர்கள் ஏழு பேர். தெருவில் அடிபட்டும் அநாதையாகவும் கிடக்கும் நாய்களை எடுத்து வந்து தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுப்பார்கள். நாய் வளர்க்க வசதியில்லாதவர்கள் தினம் ஒரு செம்பு கஞ்சி கொடுத்தனுப்பலாம். ‘நாய்க்குச் சம்பந்தம் பேசுத டீச்சர்’ என்று ஊரில் பெயர். கேலியை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. இந்த வால் விஷயம்தான் அவளை அழ வைத்தது.

மூளி நாயை யார் எடுப்பார்கள்?

அன்றைக்கும் அதே கதைதான். தோப்புக் காவலுக்கு நாய் கேட்டிருந்த ஞானதுரை வந்தார். செவலையின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பின்பக்கத்தைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மூளியை வாசல்ல கட்டுனா குடும்பத்துக்கு ஆகாது டீச்சர். முழு நாய் வந்தா சொல்லி அனுப்புங்க.”

வருகிற கஞ்சி பதினொரு வாய்க்குப் போதவில்லை. கொட்டகையில் கால் வைக்க இடமில்லை.

எல்லோருக்கும் சந்தேகம் ஒரே ஆள் மேல்தான். நாய் பிடிக்கும் அய்யாக்குட்டி. அந்த அறுபத்தொன்றாம் வருஷச் சாரல் சீசன் நெருங்கியிருந்தது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் காலில் தெருநாய் இடறக் கூடாது, பிடித்துக் கொன்றுவிட வேண்டும் என்று அவனுக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் உத்தரவு.

“கொல்லுதது போதாதுன்னு வெளையாட்டுக்கு வாலை வேற அறுக்கானா?”

டீச்சர் உட்கார்ந்து, அவனை வேலையை விட்டு நீக்கச் சொல்லிக் கலெக்டருக்கு ஒரு மனு எழுதினாள். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் விடியும்போதே குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டின் ஓரமாக நின்றாள். நினைத்தது சரியாகப் போயிற்று. தூறலில் நனைந்துகொண்டு அய்யாக்குட்டி வந்தான். அவன் கைக்கயிற்றில் ஒரு கறுப்பு நாய். அதற்கும் வாலில்லை.

“நில்லும்! ஓடினா ஊரைக் கூட்டிருவேன்!”

அவன் நின்றான். அதற்குள் கொட்டகையிலிருந்து பதினொன்றும் பாய்ந்து வந்தன. குதறப் போகின்றன என்று டீச்சர் ஒரு நொடி சந்தோஷப்பட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவையோ அவன் மேல் ஏறி விழுந்து முகத்தை நக்கின. பதினொரு இடுப்பும் ஆடின.

டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “ஏன்யா வாலை அறுத்தீரு?”

அய்யாக்குட்டி தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். “கொன்ன நாய்க்கு அடையாளமா ஆபீஸ்ல வாலைக் காட்டணும் டீச்சரம்மா. வாலைப் பாத்துட்டு, நாய் செத்துட்டுன்னு எழுதிக்கிடுவாக.”

“அப்போ இதுக எல்லாம்…”

“ஆபீஸ் நோட்டுல செத்தாச்சு. எனக்குக் கொல்ல மனசு வரல. வாலை நறுக்கி, எங்க வீட்டுல வச்சுப் புண்ணை ஆத்தி, இங்கன கொண்டாந்து கட்டுதேன். வெளிய தெரிஞ்சா என் வேல போயிரும். போனா வேற ஆளு வருவான். அவனுக்குக் கொல்ல மனசு வந்துட்டுன்னா?”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கறுப்பு நாயின் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

“உள்ள வாங்க அண்ணாச்சி, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்.”

காப்பி கொதித்த அடுப்பில்தான் கலெக்டர் மனுவும் எரிந்தது.

அன்று சாயந்திரமே ஞானதுரை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். நாயை வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே தவிர, அது இடுப்பை ஆட்டியது அவர் மனசைவிட்டுப் போகவில்லை.

“டீச்சர், அய்யாக்குட்டியை வெள்ளனே இந்தப் பக்கம் பாத்தவுக இருக்காக. அவனை ஆபீஸுக்கு இழுத்துட்டுப் போயி ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம். வாங்க!”

ஆபீஸுக்குப் போனால் செத்த நாய்கள் உயிரோடு இருப்பது தெரிந்துவிடும். பொய் சொன்ன பிள்ளைகளை இருபது வருஷமாகப் பெஞ்சு மேல் ஏற்றியவள் அவள்.

“அவரை எதுக்கு இழுக்கீக? அறுத்தது நான்தான்.”

“நீங்களா!”

“நானேதான். எங்க சங்கத்து நாய்னு அடையாளம் தெரிய வேண்டாமா?”

வள்ளித்தாய் வாயைப் பிளந்தாள். ஞானதுரைக்கு முகம் சிவந்துவிட்டது.

“படிச்ச பொம்பளை செய்யுத வேலையா இது? இதுக்கு ஒரு சங்கம் வேற!” ஏசிக்கொண்டே குனிந்து செவலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். “மூளியாவது முழுசாவது, இது எங்கூட வருது. இங்கன கெடந்தா காதையும் அறுத்துருவீக!”

கூட வந்த நாலு பேரும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விஷயம் தென்காசி வரைக்கும் பரவியது. அந்த வாரத்துக்குள் டீச்சர் வாங்காத ஏச்சு பாக்கியில்லை. கொட்டகையில் ஒரு நாயும் பாக்கியில்லை.

“கொட்டகையை நல்லாக் கூட்டிப் போடு வள்ளித்தாய்,” என்றாள் டீச்சர் சந்தோஷமாக. “சீசன் முடியுததுக்குள்ள நான் இன்னும் பத்து வாலாவது அறுக்க வேண்டியிருக்கு.”