விரல் நுழையும் இடம்

தெய்வானை பந்தயத்தில் ஓட்டும் காருக்கு அகலமான புது டயர் வந்திருந்தது. கிளம்பும் வேகத்தில் வழுக்காமல் தரையைக் கவ்வட்டும் என்று அவளே தேர்ந்தெடுத்தது. மாட்டியவன் அவள் கணவன் நாச்சிமுத்து. டயருக்கும் மேலே வளைந்த மட்கார்டு தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடமிருந்தது. ஆனால் கார் சீறும்போது பின்பக்கம் அமுங்கும். தகடு பட்டால் டயர் கிழிந்துவிடும்.

"தட்டுதுங்களா?"

"டிக்கியில ஏறு, பாப்போம்."

அவள் ஏறியதும் கார் அமுங்கி, தகடு டயரைத் தொட்டது. ஒவ்வொரு பந்தயத்திலும் அவள் கோட்டைத் தாண்டும்வரை மூச்சுவிட மறந்து நிற்பவன் அவன். இந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குப் போகாமல் அவளை வீட்டில் இருத்த ஒரே வார்த்தை போதும்.

"தட்டுது," என்றான். அவள் முகம் வாடியது. அதைப் பார்த்ததும் நாக்கு தானாகவே மிச்சத்தையும் சொல்லிவிட்டது. "தகட்டு விளிம்ப மடிச்சு விட்டாச் சரியாயிரும்."

வெயில் தாழும்வரை சுத்தியலால் தட்டித் தட்டி விளிம்பை உள்ளே மடித்தான். பிறகு அவளை மறுபடி டிக்கியில் ஏற்றிவிட்டு, டயரின்மேல் தன் உள்ளங்கையைப் பரப்பி வைத்தான்.

"இப்பக் குதி."

"மொதல்ல கைய எடுங்க."

"கைக்கு ஒண்ணும் ஆகலீன்னாத்தான் உன்னய அனுப்புவேன். குதி அம்மிணி."

தெய்வானை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எடை குறையும் என்று நினைத்தாளோ என்னவோ, செருப்பு இரண்டையும் கழற்றிக் கீழே போட்டாள். டிக்கிக் கதவைப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு எம்பினாள்.