முந்தாத வேன்

"வேன்ல ஏறு ஜெரால்டின், இன்னும் ரெண்டு மேடு இருக்கு..."

"மெடல் இல்லாம வீட்டுக்கு வரமாட்டேன், பேசாம ஓட்டுங்க!"

"முட்டி போச்சுன்னா என்கிட்ட அழாத!"

ஷா ஆலம் மாரத்தானின் அந்த மேட்டில் அவள் ஓட்டம் எப்போதோ நடையாகிவிட்டது. பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ளும் வேனைப் பின்னால் ஓட்டிவந்த இருதயம், ஜன்னல் வழியே மனைவியைத் திட்டிக்கொண்டே வந்தார்.

பாதியில் ஏற்றப்பட்டு வேனுக்குள் சோர்ந்து கிடந்த ஓட்டக்காரன் மார்வின் தலையைத் தூக்கினான்.

"அங்கிள், 'இந்த வேன் முந்திட்டா ரேஸ் முடிஞ்சது, ஏறு'ன்னு எங்களையெல்லாம் ஏத்துனீங்க. ஆன்டிய மட்டும் ஏன் இன்னும் முந்தல?"

"மேடு லா. வண்டி இழுக்கல."

மேடு முடிந்து இறக்கம் வந்தது. ஜெரால்டின் நின்று, குனிந்து மூச்சு வாங்கினாள். இருதயம் அவசரமாகப் பிரேக்கை மிதித்தார்.

மார்வின் மெல்லக் கேட்டான்.

"அங்கிள், நான் இறங்கி ஓடினா, எனக்குப் பின்னாலயும் இப்படித் திட்டிக்கிட்டே வருவீங்களா?"