தச்சர் தந்த தாழ்ப்பாள்

சமூகக்கூடத்தின் நீள மேசை மேல் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. பிள்ளைகளின் கோடை முகாமுக்கென்று தெருவே சேர்ந்து கொடுத்த சாமான்கள் அதில் குவிந்திருக்கின்றன. வாசலில் வேன் உறுமிக்கொண்டு நிற்கிறது. மகளை முதன்முறையாக வெளியில் தங்க அனுப்பும் அம்மா, சலவைக்காரர் தந்த போர்வையை மோந்து பார்க்கிறாள். சோப்பு வாசனைதான். கடைக்காரர் தந்த டார்ச்சை அழுத்துகிறாள். பளிச்சென்று எரிகிறது. சும்மா வருகிற எதுவும் அவளுக்கு உறுத்தும். "மானத்த வாங்காதம்மா," என்று மகள் நெளிகிறாள். தச்சர் தன் பங்காகப் பித்தளைத் தாழ்ப்பாள்களை மேசை ஓரத்தில் வைக்கிறார். பிள்ளைகள் தூங்கும் அறைக் கதவுகளுக்கு அவரே போய்ப் பொருத்தித் தரப்போகிறாராம், கூலி வாங்காமல். அம்மா ஒன்றை எடுத்து இழுத்துப் பார்க்கிறாள். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய் டக்கென்று நிற்கிறது. "இது கதவுக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா அண்ணா?" "வெளிப்பக்கம்மா. சார் அப்படித்தான் போடச் சொன்னாரு." வாசலில் பிள்ளைகளின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த முகாம் நடத்துபவர் சிரித்த முகத்தோடு திரும்புகிறார். "ராத்திரி பசங்க எந்திரிச்சு எங்கயாவது போயிடக் கூடாதுல்ல? எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தாங்க." சலவைக்காரர் மடித்த போர்வையையே மறுபடி மடிக்கிறார். அம்மா வேனில் ஏற்ற வைத்திருந்த பைக் குவியலுக்கு அடியிலிருந்து மகளின் பையை உருவுகிறாள். இந்த முறை மகள் நெளியவில்லை. தச்சர் குனிந்த தலை நிமிராமல், தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகத் தன் கருவிப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார்.