அரக்க மன்னனின் ஜப்பானிய மொழி

இத்தாலிக்கு எதிர்க்கரையிலுள்ள ஜாடர் துறைமுகத்துக் காப்பிக்கடையில், வெள்ளைக்கல் தரையில் பட்ட காலை வெயில் என் புத்தகத்தில் தெறித்துக் கண்ணைக் கூசவைக்கிறது. ஓய்வுபெற்ற தபால்காரன் நான். ஓர் அரக்க மன்னனின் கதையைச் சொல்லும் இருபத்திரண்டு பாக ஜப்பானிய நாவலை அகராதியோடு படித்தே அந்த மொழியைக் கற்கிறேன். இது பதினேழாம் பாகம். ஒரு பக்கம் முடிவதற்குள் தாடி முழங்கால்வரை வளர்ந்துவிடுகிறது. "அரக்கன் இன்னும் சாகலையா மாமா? காப்பி ஆறி மூணு யுகமாச்சு" என்கிறாள் பரிமாறும் டோன்கா. ஆறு வருடமாக, பேசிப் பார்க்க ஒரு ஜப்பானியர்கூட எனக்கு வாய்க்கவில்லை. இன்று அடுத்த மேசையிலேயே ஒரு ஜப்பானியப் பெண், கப்பலுக்குப் புறப்படப் பையை மூடிக்கொண்டிருக்கிறாள். "பேசுங்க மாமா, விட்டா அவ்ளோதான்!" டோன்கா முழங்கையால் இடிக்கிறாள். எழுந்து நிற்கிறேன். நலம் விசாரிக்கத்தான் ஆசை. வாயில் வருவதோ அரக்கன் பேச்சு. "ஏ மானிடப் பெண்ணே! உனக்கு உயிர்ப்பிச்சை அளித்தோம்!" கடற்காகங்கள் இத்தாலிவரை பறந்தோடுகின்றன. அவள் திகைக்கிறாள், பிறகு சிரித்து, நெஞ்சில் கைவைத்துக் குனிகிறாள். "ரொம்ப நன்றி மன்னா. கப்பலுக்கு நேரமாச்சு, வரேன்." ஒரு சொல்லுக்கும் அகராதி வேண்டியிருக்கவில்லை. அவள் படிக்கட்டில் இறங்கிக் கூட்டத்தில் மறைகிறாள். "என்ன மாமா சொன்னா?" என்கிறாள் டோன்கா. "இங்கேயே இருந்துடுறேன்னு கெஞ்சினா. நான்தான் போயிட்டு வான்னு அனுப்பிவெச்சேன்."